யூக்ளிட் பாடநூலுக்குத் திரும்ப வேண்டும்

8633, 9991. இந்த இரண்டு எண்களுக்கும் 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி உண்டா? பள்ளியில் கற்ற வழியில் போனால், முதலில் 8633ஐப் பகாக் காரணிகளாகப் பிரிக்க வேண்டும். 2 வகுக்காது, 3 வகுக்காது. 5, 7, 11 எதற்கும் அது மசியாது. இப்படி 23 பகா எண்களை வரிசையாக முயன்று கைவிட்ட பிறகு, 24ஆவது பகா எண்ணான 89இல்தான் அது பிரியும். அடுத்து 9991க்கும் இதே பாடு. எவ்வளவு பொறுமையுள்ள பிள்ளையும் பாதியிலேயே நோட்டை மூடிவிடும்.

இதற்கு இன்னொரு வழி இருக்கிறது. 9991இலிருந்து 8633ஐக் கழித்தால் 1358. 8633ஐ 1358ஆல் வகுத்தால் மீதி 485. 1358ஐ 485ஆல் வகுத்தால் மீதி 388. 485ஐ 388ஆல் வகுத்தால் மீதி 97. அந்த 97 கடைசியில் 388ஐ மீதியில்லாமல் வகுத்துவிடுகிறது. கணக்கு முடிந்தது, மீப்பெரு பொதுக் காரணி 97. கழித்தலையும் சேர்த்து ஐந்தே படிகள். இரண்டு எண்களில் ஒன்றைக்கூடக் காரணிப்படுத்தத் தேவைப்படவில்லை.

பெற்றோர் தலைமுறை மீ.பொ.வ. என்றும் இன்றைய பிள்ளைகள் மீ.பெ.கா. என்றும் படிக்கும் இந்தக் கணக்குக்கு இதைவிடச் சிறந்த வழியை இன்றுவரை எவராலும் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லித்தர முடிந்ததில்லை. பொ.ஆ.மு. 300ஐ ஒட்டி அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த யூக்ளிட், தம்முடைய ‘எலிமென்ட்ஸ்’ நூலின் ஏழாம் புத்தகத்தை இந்த வழிமுறையோடுதான் தொடங்குகிறார். 1968இல் வெளிவரத் தொடங்கிய, கணினி நிரலாக்கக் கலை பற்றிய டொனால்ட் கனூத்தின் புகழ்பெற்ற நூல்வரிசையிலும் முதல் பாகத்தில் முதலாவதாக விளக்கப்படும் வழிமுறை இதுவே. அப்படிப்பட்ட ஒன்றை, 2022இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் ‘மெய்யெண்கள்’ இயலிலிருந்து என்.சி.இ.ஆர்.டி. நீக்கிவிட்டது. சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் அதன் பிறகு பகாக் காரணிப்படுத்தலை மட்டும் பிடித்துக்கொண்டு பத்தாம் வகுப்பைத் தாண்டுகிறார்கள். இது தவறான முடிவு. திருத்தப்பட வேண்டிய முடிவு.

ஏன் தவறு என்பதற்கு முதல் காரணம், இந்த வழிமுறைக்குப் பின்னால் இருக்கும் எளிய உண்மை. ஓர் எண் இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்குமானால், அவற்றின் வித்தியாசத்தையும் மீதியின்றி வகுக்கும். 7 என்ற எண் 91ஐயும் 49ஐயும் வகுக்கிறது; ஆகவே 42ஐயும் வகுக்கும். அதனால் 91, 49 என்ற சோடியின் பொதுக் காரணிகளைத் தேடுவதும் 49, 42 என்ற சோடியின் பொதுக் காரணிகளைத் தேடுவதும் ஒன்றே. எண்கள் சிறிதாகிக்கொண்டே வரும், பொதுக் காரணி மட்டும் மாறாது. கழித்தல் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இதை விளக்கிவிடலாம். மனப்பாடம் செய்ய இதில் எதுவும் இல்லை.

91, 49 என்ற சோடி இந்தக் கட்டுரைக்காகத் தேர்ந்தெடுத்தது அல்ல. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ‘கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற சீன நூலின் முதல் அத்தியாயத்தில், 49/91 என்ற பின்னத்தைச் சுருக்கச் சொல்லி ஒரு கணக்கு இருக்கிறது. மாறி மாறிக் கழித்துக்கொண்டே போய், இரண்டும் சமமாகும் எண்ணைப் பிடி என்பதே அந்த நூல் தரும் வழி. 91இல் 49 போக 42; 49இல் 42 போக 7; 42இலிருந்து 7, 7ஆகக் கழித்தால் கடைசியில் 7ம் 7ம் எதிரெதிரே நிற்கும். விடை 7/13. கிரேக்கத்திலும் சீனத்திலும் ஒரே வழிமுறை புழங்கியிருக்கிறது.

இந்தியாவில் அது இன்னும் ஒரு படி மேலே போனது. 499இல் ஆரியபட்டர் எழுதிய ‘ஆரியபட்டீயம்’ நூலின் கணிதப் பகுதி, குட்டகம் என்று பின்னர் பெயர்பெற்ற முறையோடு முடிகிறது. பெரிய எண்களை ஒன்றால் ஒன்று வகுத்து, மீதிகளைக் கொண்டு சிறிதாக்கிக்கொண்டே போவதுதான் அதன் அடிப்படை. கோள்கள் எப்போது ஒரே நிலைக்குத் திரும்பும் என்பது போன்ற வானியல் கணக்குகளுக்கு அது தேவைப்பட்டது. 629இல் அந்த நூலுக்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர், 8ஆல் வகுத்தால் மீதி 5, 9ஆல் வகுத்தால் மீதி 4, 7ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எண் எது என்று கேட்கிறார். விடை 85. யூக்ளிடின் வழிமுறையைப் பாடத்திலிருந்து எடுத்தபோது, ஆரியபட்டரின் குட்டகத்தைப் பிள்ளைகள் புரிந்துகொள்ளும் வாசலும் சேர்ந்தே அடைபட்டது. இந்திய அறிவு மரபைப் பாடநூலில் சேர்க்க வேண்டும் என்று உரக்கப் பேசப்படும் காலத்தில் இப்படி நடந்திருப்பது வருத்தத்துக்குரியது.

வகுப்பறையில் இதைக் காட்ட ஒரு ஏ4 தாள் போதும். அதன் நீளம் 297 மில்லிமீட்டர், அகலம் 210 மில்லிமீட்டர். தாளிலிருந்து வெட்டக்கூடிய ஆகப்பெரிய சதுரத்தை வெட்டி எடுக்க வேண்டும். அது 210க்கு 210. மிஞ்சுவது 210க்கு 87 அளவுள்ள துண்டு. அதில் 87 மி.மீ. பக்கமுள்ள சதுரங்கள் இரண்டு கிடைக்கும். மிஞ்சுவது 87க்கு 36. அதில் 36 மி.மீ. சதுரங்கள் இரண்டு, மிச்சம் 36க்கு 15. அதில் 15 மி.மீ. சதுரங்கள் இரண்டு, மிச்சம் 15க்கு 6. அதில் 6 மி.மீ. சதுரங்கள் இரண்டு, மிச்சம் 6க்கு 3. அது சரியாக இரண்டு 3 மி.மீ. சதுரங்களாகப் பிரிந்துவிடும். தாளில் எதுவும் மிஞ்சாது. 297, 210 இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 3 என்பது கண்ணெதிரே கிடைத்துவிட்டது. கத்தரிக்கோல் வேண்டாம் என்றால் பென்சிலால் கோடு போட்டாலே போதும்.

கூர்ந்து பார்க்கும் பிள்ளை இன்னொன்றையும் கவனிக்கும். முதல் அளவில் ஒரு சதுரம், அதன் பிறகு ஒவ்வொரு அளவிலும் இரண்டிரண்டு சதுரங்கள். ஏன் எல்லாப் படியிலும் இரண்டு? ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் அதே வடிவம் கிடைக்க வேண்டும் என்பதற்காக அதன் நீள அகலங்கள் 2இன் வர்க்கமூலத்துக்கு மிக நெருங்கிய விகிதத்தில் அமைக்கப்பட்டிருக்கின்றன. 297/210ஐச் சுருக்கினால் 99/70, தசமத்தில் 1.4142 என்று தொடங்கும். அந்த இரண்டிரண்டு சதுரங்கள் அதன் அடையாளம். ஆறாம் வகுப்பில் கோடு போட்ட தாளை ஒன்பதாம் வகுப்பில் வர்க்கமூலம் நடத்தும்போது ஆசிரியர் மறுபடி எடுத்துக் காட்டலாம். காரணிச் செடி வரைந்து 297 = 3 × 3 × 3 × 11, 210 = 2 × 3 × 5 × 7 என்று எழுதினாலும் 3 என்ற விடை வரும். ஆனால் அந்த வழியில் விடையோடு பாடம் நின்றுவிடும்.

பொதுக் காரணி அன்றாட வாழ்வுக்கு ஒட்டாத விஷயம் என்று நினைப்பவர்கள் 1957 ஏப்ரல் 1ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. 16, 100 இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 4. ஆகவே ரூபாயை நான்கு பாகமாகப் போட்டால் மட்டும் பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒட்டும். நாலணா சரியாக 25 பைசா, எட்டணா 50, பன்னிரண்டணா 75. நடுவில் இருக்கும் எந்த அணாவும் முழுப் பைசாவில் வராது. ஓரணா ஆறேகால் பைசா, இரண்டணா பன்னிரண்டரை. முழு எண்ணாக்கித்தான் தீர வேண்டும் என்பதால் ஓரணாவுக்கு 6 பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று மாற்று அட்டவணை போட்டார்கள். தனித்தனியாகப் பதினாறு ஓரணாவை மாற்றியவருக்கு 96 பைசாதான் கிடைக்கும். நாலு பைசா காணாமல் போகும். பழைய பெயர்களில் நாலணாவும் எட்டணாவும் மட்டும் பைசாக் காலத்திலும் பேச்சில் நிலைத்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. 25 பைசா நாணயம் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போகும்வரை பலருக்கு அது நாலணாதான்.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி படித்த பிள்ளைகளுக்கு இந்தச் சுருக்கல் வாய்ப்பாடாகவே பழகியிருந்தது. மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80. மேலும் கீழும் இருக்கும் பொதுக் காரணி 5ஐ நீக்கினால் 1/16; அதுதான் மாகாணி. நெல்லையும் நிலத்தையும் பங்கு போட்டவர்களுக்குப் பொதுக் காரணி தேர்வுக்கான பாடமாக இருக்கவில்லை.

இன்றைய பட்டறையிலும் அப்படித்தான். 60 பல் கொண்ட சக்கரம் ஒன்றும் 24 பல் கொண்ட சக்கரம் ஒன்றும் சேர்ந்து சுழல்வதாகக் கொள்வோம். இரண்டின் மீப்பெரு பொதுக் காரணி 12. அதனால் சிறிய சக்கரத்தின் ஒரு பல், பெரிய சக்கரத்தில் எப்போதும் அதே ஐந்து பற்களோடு மட்டும் உரசிக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் குறை இருந்தால் அந்த ஐந்தும் தேயும். 60க்குப் பதில் 61 பல் வைத்தால் பொதுக் காரணி 1 ஆகிவிடும். ஒவ்வொரு பல்லும் எதிர்ச் சக்கரத்தின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும், தேய்மானம் பரவலாகும். இயந்திர வடிவமைப்பாளர்கள் பல் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் பார்க்கிறார்கள்.

பொதுக் காரணி இல்லாமல் இருப்பதன் விளைவை 2024இல் அமெரிக்கா பெரிய அளவில் கண்டது. அங்கே 13 ஆண்டுக்கு ஒருமுறை மண்ணிலிருந்து வெளிவரும் சில்வண்டுக் கூட்டங்களும் 17 ஆண்டுக்கு ஒருமுறை வெளிவரும் கூட்டங்களும் உண்டு. 13, 17 இரண்டுக்கும் 1ஐத் தவிர பொதுக் காரணி கிடையாது; ஆகவே குறிப்பிட்ட இரு கூட்டங்கள் ஒரே ஆண்டில் சந்திக்க 13 × 17 = 221 ஆண்டுகள் ஆகும். 1803இல் சேர்ந்து வெளிவந்த அப்படிப்பட்ட இரண்டு கூட்டங்கள் அடுத்துச் சேர்ந்தது 2024இல்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அது ஒவ்வொருவர் கைப்பேசியோடும் தொடர்புடையது.

1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் உருவாக்கிய ஆர்எஸ்ஏ பூட்டு முறை, இணையப் பாதுகாப்பின் தூண்களில் ஒன்று. இரண்டு பெரிய பகா எண்களை இரகசியமாகத் தேர்ந்து, அவற்றைப் பெருக்கி, பெருக்கற்பலனை மட்டும் ஊரறிய வெளியிடுவதே அதன் அடித்தளம். பெருக்கற்பலனைத் திரும்பப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது மிகக் கடினம் என்பதுதான் பூட்டின் பலம். எவ்வளவு கடினம்? ஆர்எஸ்ஏ-250 என்று பெயரிடப்பட்ட 250 இலக்க எண்ணை 2020இல் ஆய்வாளர்கள் பிரித்தார்கள். ஒரே ஒரு கணினிச் செயலிக் கருவை வைத்துச் செய்திருந்தால் அதற்கு ஏறத்தாழ 2700 ஆண்டுகள் பிடித்திருக்கும். ஆயிரக்கணக்கான கருக்களைச் சேர்த்து இயக்கித்தான் அவர்கள் சில மாதங்களில் முடித்தார்கள். இன்று பரவலாகப் புழங்கும் பூட்டு எண்கள் 617 இலக்கம் கொண்டவை.

ஆனால் இரண்டு 617 இலக்க எண்களுக்குப் பொதுக் காரணி காண்பது கணினிக்கு இமைப்பொழுது வேலை. சிறிய எண்ணில் எத்தனை இலக்கங்கள் உண்டோ அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வகுத்தல்கள் தேவைப்படாது என்று பிரான்ஸ் நாட்டின் காப்ரியேல் லாமே 1844இலேயே நிறுவிவிட்டார். 617 இலக்கத்துக்கு ஆகக்கூடினால் 3085 வகுத்தல்கள். ஓர் எண்ணைக் காரணிப்படுத்துவது மலையளவு கடினம். இரண்டு எண்களின் பொதுக் காரணியைக் காண்பது கடுகளவு வேலை. இந்த வேறுபாட்டைக் காரணிச் செடி மட்டும் வரைந்து பழகிய மாணவரால் ஒருநாளும் உணர முடியாது. அவரைப் பொறுத்தவரை பொதுக் காரணி காண வேண்டும் என்றாலே காரணிப்படுத்தித்தான் ஆக வேண்டும்.

2012இல் இந்த வேறுபாடு உலகத்தையே எச்சரித்தது. ஆர்யன் லென்ஸ்ட்ராவின் குழு இணையத்திலிருந்து பல லட்சம் பூட்டு எண்களைத் திரட்டி, அவற்றுக்குள் பொதுக் காரணி இருக்கிறதா என்று பார்த்தது. எவருடைய இரகசியப் பகா எண்ணும் மற்றவருடையதோடு ஒத்துப்போகக் கூடாது. பொதுக் காரணி 1 ஆகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டு பூட்டுகள் துளியும் பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது. அதே ஆண்டில் நாடியா ஹெனிங்கர் குழுவும் தனியாக இதே ஆய்வைச் செய்து, பாதுகாப்பான இணைப்பு தருவதாக நம்பப்பட்ட டிஎல்எஸ் கணினிகளில் 0.50 விழுக்காட்டின் இரகசியத்தைக் கண்டறிந்தது. இணையத் திசைவி, தடுப்புச் சுவர் போன்ற சிறு கருவிகள் முதன்முதலில் இயக்கப்படும்போது, போதிய தற்செயல் தன்மை இல்லாமல் அவசரத்தில் பகா எண்ணைத் தேர்ந்ததுதான் காரணம். ஒரே பகா எண் இரண்டு கருவிகளில் அமைந்துவிட்டது.

ஒரு கருவியின் பூட்டு எண் 8633 என்றும் இன்னொன்றின் பூட்டு எண் 9991 என்றும் வைத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். தனித்தனியே பிரிக்க முயன்றால் திணறல். சேர்த்து வைத்து மீப்பெரு பொதுக் காரணி கண்டால் 97; உடனே 8633 = 97 × 89, 9991 = 97 × 103. இரண்டு பூட்டும் ஒரே மூச்சில் திறந்துவிட்டன. யூக்ளிட் சொன்ன அந்தக் கழித்தலும் வகுத்தலும்தான் இந்த ஓட்டையைக் காட்டிக்கொடுத்தன. இப்படிப்பட்ட ஆயுதம் பத்தாம் வகுப்பில் இருந்த இடத்தைத்தான் நாம் வெற்றிடமாக விட்டிருக்கிறோம்.

பாடச்சுமை என்ற வாதத்தைப் புறந்தள்ள வேண்டியதில்லை. கொரோனாக் காலத்தில் வகுப்பறையை இழந்த பிள்ளைகளுக்குச் சுமையைக் குறைக்க வேண்டியிருந்தது உண்மை. பழைய பாடநூலில் இந்த வழிமுறைக்கு அடிப்படையான யூக்ளிடின் துணைத் தேற்றம் அமைந்த விதமும் பலருக்குக் கடினமாக இருந்தது. குறியீடுகளோடு தொடங்கி, ‘a, b என்ற மிகை முழுக்கள்’ என்று பேசியது. ஆனால் அதற்கு மருந்து, எளிமையாக எழுதுவது. எடுத்து எறிவதால் சுமை குறையவில்லை. சுமையைக் குறைக்கும் கருவிதான் போய்விட்டது. கணிப்பான் இருக்கும்போது எதற்கு என்பவர்களுக்கும் பதில் உண்டு. கணிப்பான் விடை தரும். வித்தியாசத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று அது சொல்லாது. பகாக் காரணிப்படுத்தலை விட்டுவிட வேண்டும் என்பதும் இங்கே வாதம் அல்ல. சிறிய எண்களுக்கு அது விரைவானது; ஒவ்வோர் எண்ணுக்கும் பகாக் காரணிகள் ஒரே விதமாகத்தான் அமையும் என்ற அரிய உண்மையை அதுதான் கற்பிக்கிறது. இரண்டும் வேண்டும்.

நல்ல அறிகுறிகளும் இல்லாமல் இல்லை. என்.சி.இ.ஆர்.டி. 2024இல் வெளியிட்ட புதிய ஆறாம் வகுப்புக் கணித நூலில் பொது மடங்கைக் கற்பிக்க ‘இட்லி-வடை’ விளையாட்டு இடம்பெற்றிருக்கிறது. 3இன் மடங்கு வந்தால் இட்லி, 5இன் மடங்கு வந்தால் வடை, இரண்டுக்கும் பொதுவானது வந்தால் இட்லி-வடை என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். விளையாட்டாகத் தொடங்கும் அந்த நூலாசிரியர்களால் யூக்ளிடையும் விளையாட்டாகச் சொல்ல முடியும். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பாடநூல், ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ என்ற இயலில் யூக்ளிடின் வகுத்தல் வழிமுறைக்கு உரிய இடம் தந்திருக்கிறது, பாராட்ட வேண்டியது. அங்கே மாற வேண்டியது தேர்வு முறை. ‘மீ.பெ.கா. காண்க’ என்று இரண்டு எண்களைக் கொடுப்பதோடு, ‘வகுக்கும் எண்ணையும் மீதியையும் அடுத்த படிக்கு எடுத்துச் சென்றால் பொதுக் காரணி ஏன் மாறுவதில்லை’ என்றும் ஒரு கேள்வி கேட்டால், வகுப்பறையில் காரணமும் சேர்த்து நடத்தப்படும்.

இன்றைக்கு அந்தக் காரணம் தெரியாமலேயே பலர் இந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு உட்காரும் இளைஞர்கள் பயிற்சி மையங்களில், ‘இரண்டு எண்ணுக்கும் வித்தியாசத்தை எடு, விடை அதை வகுக்கும்’ என்று குறுக்குவழியாக மனப்பாடம் செய்கிறார்கள். அது குறுக்குவழி அல்ல. யூக்ளிடின் முதல் படி. பள்ளியில் காரணத்தோடு சொல்லித்தந்திருக்க வேண்டியதை இருபது வயதைத் தாண்டிக் கட்டணம் கட்டித் தந்திரமாகக் கற்கும் நிலை கூடாது.

ஆறாம் வகுப்பு ஆசிரியர்கள் பாடநூல் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொதுக் காரணிப் பாடத்தை நடத்தும் வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, ஆளுக்கொரு தாளையும் அளவுகோலையும் கொடுத்துச் சதுரம் வெட்டச் சொன்னால் போதும். புதிய பாடத்திட்டத்தின்படி நூல்களை எழுதிவரும் என்.சி.இ.ஆர்.டி., பத்தாம் வகுப்பு நூலில் யூக்ளிடின் வழிமுறையை எளிய எண்களோடும், ஆரியபட்டரின் குட்டகத்தோடும், இணையப் பூட்டுகளின் உதாரணத்தோடும் மீண்டும் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து அந்த நூல்களை எழுதும் குழுக்களில் இருக்கும் கணித ஆசிரியர்கள் இதை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும்.